பத்தாயிரத்தில் நான்கு

கல்முர்சாவிடம் ஒரு கர்வம் இருந்தது. ஓஷிலிருந்து பிஷ்கெக்குக்கும் பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கும் இருபத்து நாலு வருஷமாக டாக்சி ஓட்டுகிற மனிதருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? பத்துப் பன்னிரண்டு மணி நேர மலைப்பாதை, இரண்டு கணவாய், ஒரு சுரங்கப்பாதை. ஏறுவது பாதி ஆள், பாதி சாமான். உஸ்கென் அரிசி, மாதுளம்பழம், கல்யாணப்பெண்ணின் உடுப்பு, ஒருமுறை உயிரோடு ஒரு வான்கோழி. எதுவானாலும் ஏறினது ஏறினபடி இறங்கும். "எங்கிட்ட குடுத்தது கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசைய எடுத்துடறேன்" என்பார். மீசை ஒன்றும் பிரமாதமில்லை. நரைத்து, ஓரத்தில் புகையிலைக் கறையோடு இருக்கும். இருந்தாலும் அவருடையது.

வண்டிக்கு முன்னால் அவருக்கு ஆடுதான் பிழைப்பு. அலாய் மலையில் கூட்டுப் பண்ணை மேய்ப்பர். மற்றவர்கள் தாங்கள் தின்ற ஆட்டை ஓநாய் தின்றதாகச் சொல்லித் தப்பித்த காலத்தில் இவர் பட்டியில் மட்டும் எண்ணிக்கை தப்பாது. சாயங்காலம் பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணுவார். விடிந்ததும் வெளியே விடும்போது மறுபடி எண்ணுவார். பண்ணை கலைந்தபோது தன் பங்கு ஆடுகளை விற்று முதல் வண்டியை வாங்கினார். ஆடு போனாலும், கல்முர்சா பொய் சொல்லமாட்டார் என்ற பேர் கூடவே வந்தது. ஐம்பத்தேழு வயது வரை காப்பாற்றிய அந்தப் பேரை ஒரு பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே வார்த்தையில் கெடுத்துக்கொண்டார்.

முந்தின நாள் வியாழக்கிழமை, ஓஷ் டாக்சி நிறுத்தத்துக்கு ரொட்டிக்காரர் சாதிக் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டி ஒட்டி முழங்கை வரை முடி பொசுங்கின ஆள். அவர் மகள் அடினாய்க்கு ஒன்பது வயது. ரத்தப் புற்று, அதிலும் தீவிர வகை. ஓஷ் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

"பைகே, இத பிஷ்கெக்ல ஆய்வுக்கூடத்துல புருல்ங்கிற அம்மா கையிலயே குடுக்கணும்" என்றார் சாதிக். பைகே என்றால் அண்ணன். "பாப்பா எலும்புக்குள்ளேர்ந்து எடுத்தது. விமானம் பனிமூட்டத்துல போகலையாம்."

"இன்னிக்கு ராத்திரி போயிடும். கவலப்படாத."

"ஹீட்டர் பக்கம் வெக்கக் கூடாதுன்னு நர்ஸு சொன்னாங்க. சூடு பட்டா கெட்டுடுமாம்."

"யார்கிட்ட சொல்ற? எங்கிட்டயா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார் கல்முர்சா.

அன்று ராத்திரி போகவில்லை. சூசாமிர் சமவெளியைத் தாண்டும்போதே, மேலே சுரங்கத்துக்குப் பக்கத்தில் பனிச்சரிவு விழுந்து சாலையை மூடிவிட்டது என்று போலீஸ்காரன் வண்டிகளை நிறுத்திவிட்டான். சாலையோரத் தேநீர்க் கடையில் இருபது முப்பது பேர் அடைந்துகொண்டார்கள். வெளியே முப்பத்தைந்து டிகிரிக் குளிர், சைபருக்குக் கீழே. உள்ளே இரும்பு அடுப்பு சிவக்கச் சிவக்க எரிந்தது.

கல்முர்சா வண்டியைத் திறந்து சாமான்களைப் பிரித்தார். மாதுளம்பழம் குளிரில் வெடிக்கும், அதை உள்ளே கொண்டுபோய் தன் போர்வைக்கடியில் வைத்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற குதிரைத்தொடை சூட்டில் கெடும், அதைக் கடைக்காரர் இறைச்சி தொங்கவிடும் கொக்கியில் வெளியே மாட்டினார். பிறகு அந்த அட்டைப் பெட்டி. சூடு பட்டால் கெட்டுவிடும் என்றுதானே சொன்னார்கள்? நம் ஊரில் குளிர்காலத்தில் கெடக்கூடாத பொருளை எங்கே வைப்போம்? மாடி வீட்டுக்காரன் பால்கனியில் வைப்பான், மலைக்காரன் வாசலில் தொங்கவிடுவான். நவம்பரில் வெட்டின மாமிசம் மார்ச் வரைக்கும் அப்படித்தானே இருக்கிறது? பெட்டியைத் துணிப்பையில் போட்டு, குதிரைத்தொடைக்குப் பக்கத்துக் கொக்கியில், நாய் எட்டாத உயரத்தில், பத்திரமாக மாட்டினார். அவ்வளவு அக்கறையாகச் செய்த தப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சாலை திறந்தது. மத்தியானம் பிஷ்கெக்கில் புருல் கையிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு, குதிரைத்தொடையைக் கல்யாண வீட்டில் இறக்கிவிட்டு, அதே ஊரில் இருந்த தன் வீட்டுக்கு வந்து காலை நீட்டினார். மனைவி குல்சுன் நூடுல்ஸ் சூப்பை ஊற்றி வைத்த நேரம் செல்பேசி அடித்தது.

"கல்முர்சா பைகேங்களா? நான் புருல் பேசறேன். பெட்டி மேல உங்க நம்பர் இருந்துச்சு. ஒரே ஒரு கேள்வி. குழாய் எங்கயாவது உறஞ்சுபோச்சா?"

"என்னது?"

"ரத்தம் மாதுளஞ்சாறு மாதிரி இருக்கு. செல்லெல்லாம் சோர்ந்து கிடக்கு. ஒரு நாள் லேட்டானதுல அப்படி ஆயிருக்கலாம். உறஞ்சதாலயும் ஆயிருக்கலாம். உறஞ்சதுன்னா இத தூக்கிப் போட்டுடுவேன். இல்லன்னா நான் பாக்கறதத்தான் எழுதியாகணும். சொல்லுங்க."

கல்முர்சாவின் கண்முன்னால் கொக்கியில் ஆடிய பை வந்து நின்றது. தொண்டை வரை உண்மை வந்தது. குல்சுன் எதிரே கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வருஷம். ஒரு சாமான் கெட்டதில்லை.

"இல்ல எஜே. பத்திரமா வண்டிக்குள்ளதான் இருந்துச்சு."

எஜே என்றால் அக்கா. அந்த அம்மாள் இவரைவிடப் பத்து வயது சின்னவள். பொய் சொல்கிறவனுக்கு மரியாதை கூடத்தானே செய்யும்.

"சரி" என்று வைத்துவிட்டாள் புருல்.

"என்னவாம்?" என்றாள் குல்சுன்.

"ஒன்னுமில்ல. சூப்பு ஆறுது" என்றார். ஆனால் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை சாதிக் கூப்பிட்டார். குரல் வேறு ஆள் குரல்போல இருந்தது.

"பைகே, சிரமப்பட்டு கொண்டுபோனீங்க, நன்றி சொல்லணும்னு கூப்பிட்டேன்."

"பாப்பாவுக்கு எப்படி?"

"டாக்டரம்மாவுக்கு இப்பதான் சொல்லியிருக்காங்க. இன்னும் காகிதம் வரல. மருந்து கேக்கலையாம். நூத்துக்குப் பன்னெண்டு செல்லு கெட்டதாவே நிக்குதாம். திங்கள்கிழமையிலேர்ந்து பெரிய மருந்து ஆரம்பிக்கணும்கறாங்க. அது..." சாதிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சில பிள்ளைங்க நோயத் தாங்கிடுது, அந்த மருந்தத் தாங்கறதில்லையாம். இவ முப்பது கிலோகூட இல்ல பைகே."

கல்முர்சா செல்பேசியைக் காதில் வைத்தபடியே ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு இன்னொன்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்ட குல்சுனிடம், "மீசைய எடுக்க" என்றார்.

ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். சனிக்கிழமையானாலும் புருல் இருந்தாள். வெள்ளைக் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். கல்முர்சா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எஜே, அது உறஞ்சுச்சு. சூசாமிர்ல வெளிய தொங்கவிட்டேன். இறைச்சியோட."

புருல் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள்.

"இறைச்சியோட."

"கெடக்கூடாதுன்னாங்க. அதான்."

"அது தப்பு. தெரியாம செஞ்சது. போகட்டும். நான் நேத்து கேட்டேனே, அப்ப என்ன வந்துச்சு உங்களுக்கு? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தீங்களே, அதுக்கு என்ன பேரு?"

"பொய்."

"நல்லவேளை, பேராவது தெரிஞ்சிருக்கு." அவள் மேசை மேலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "கையெழுத்துப் போட மனசு வரல. வாயால மட்டும் டாக்டர்கிட்ட சொல்லியிருந்தேன். இன்னும் அரை மணி போயிருந்தா போட்டிருப்பேன்."

கல்முர்சா உட்கார்ந்துவிட்டார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"எனக்கு ஒன்னு புரியல எஜே. நானும் ஆடு எண்ணின மேய்ப்பன்தான். உறஞ்சா ரத்தம் கெடும், சரி. அது எப்படி நூத்துக்குப் பன்னெண்டுன்னு கணக்குக் காட்டும்?"

"மேய்ப்பரா இருந்தீங்களா? அப்ப வாங்க" என்று புருல் அவரை ஒரு இயந்திரத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. "அடுத்தவன் ஆடு உங்க பட்டியில கலந்துட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"காதுல இருக்கற வெட்டுக்குறியப் பாத்து. எங்க ஆட்டுக்கு வலது காதுல ரெண்டு வெட்டு, நுனியில ஒன்னு."

"செல்லுக்குக் காது கிடையாது. தோல் மேல புரதம் இருக்கு. கெட்ட செல்லு ஒரு மாதிரி புரதமா சேத்து வெச்சிருக்கும், நல்லது வேற மாதிரி. ஒவ்வொரு புரதத்துலயும் போய் ஒட்டற மாதிரி தனித்தனி கலர் சாயம் வெச்சிருக்கோம். செல்லுங்கள ஒத்தை ஒத்தையா இந்த வாசல் வழியா விடுவோம். எந்தெந்தக் கலர் மின்னுதுன்னு பாத்து மிஷின் எண்ணும். மருந்து ஆரம்பிச்சு பதினஞ்சாம் நாள் மந்தையில எத்தன கெட்டது நிக்குதுன்னு தெரிஞ்சா, மருந்து கேக்குதா இல்லையான்னு முன்னாடியே சொல்லிடலாம். ஆயிரத்துக்கு ஒன்னவிடக் கம்மியா, லேசான மருந்தே போதும். நூத்துக்குப் பத்தத் தாண்டிச்சா, பெரிய மருந்து."

"இதுல?"

"உறஞ்சு செத்த செல்லு, செத்த ஆட்டுத் தோல் மாதிரி. எந்தச் சாயத்த ஊத்தினாலும் ஒட்டிக்கும். காது வெட்டு இல்லாததுக்கும் வெட்டு இருக்கற மாதிரி காட்டும். செத்தது எதுன்னு பிரிச்சுக் காட்ட தனியா ஒரு சாயம் இருக்கு. அது தீந்து ஒரு மாசம் ஆச்சு, கேட்டு எழுதினா நேத்து எல்லாத்தையும் எண்ணி முடிச்சதுக்கப்புறம்தான் வந்து சேந்துச்சு. அதான் உங்க வாயத்தான் நம்பினேன்."

கல்முர்சா திரையிலிருந்த புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப பாப்பா நல்லா இருக்கா?" என்றார்.

"அத நான் சொல்லல. நல்லா இருக்காளா இல்லையான்னே தெரியாது. மறுபடி எடுக்கணும். அந்தப் பிள்ள மறுபடி குத்து வாங்கணும், உங்களால." புருல் தொலைபேசியை எடுத்தாள். "டாக்டர்கிட்ட நான் சொல்றேன். அப்பன்கிட்ட யார் சொல்றது?"

"நான்" என்றார் கல்முர்சா.

தொலைபேசியில் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயணி யாரையும் ஏற்றாமல் வெறும் வண்டியை ஓஷுக்கு ஓட்டினார். நாள் தள்ளிப்போவது ஓஷ் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செத்த செல்லை நம்பி மருந்து ஏற்றுவதைவிட இது மேல் என்று பெரிய மருந்தை நிறுத்தி வைத்திருந்தார். திங்கள்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் கல்முர்சா சாதிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, குதிரைத்தொடை, அந்த ஒற்றைச் சொல், ஒன்றையும் விடவில்லை.

அடி விழும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். சாதிக் அடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

"ரெண்டு நாளா அவ அம்மா ஒரு வாய் சாப்பிடல" என்றார் கடைசியில், திரும்பாமலே. "நீங்க ஏன் பைகே... உங்களப் போயி..." கல்முர்சாவுக்கு அடியே தேவலை என்று இருந்தது.

மறுபடி குத்தி எடுத்துக் குழாய் தயாரானதும் முகக்கவசம் மாட்டி வார்டின் கண்ணாடிக் கதவு வரைக்கும் அவரைக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கம் அடினாய் குப்புறப் படுத்திருந்தாள். முடி கொட்டின தலையில் பூப்போட்ட துண்டு. கதவிடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"என்னய இறைச்சியோட தொங்கவிட்டது நீங்கதானா?"

"ஆமா கண்ணு. நான்தான்."

"குதிரையா, ஆடா?"

"குதிர."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. ஆட்டோடன்னா கோவம் வந்திருக்கும்." பிறகு அப்பாவைப் பார்த்து, "இவர ரொட்டி கடிக்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.

தூரம் போகிறவர் ஒரு ரொட்டியைக் கடித்து வைத்துவிட்டுப் போவதும், மிச்சத்தைச் சாப்பிட அவர் திரும்பி வந்தாக வேண்டும் என்பதும் நம் வழக்கம். பட்டாளத்துக்குப் போகிற பையன்களுக்குச் செய்வது. ஒரு டாக்சிக்காரருக்கு யாரும் செய்ததில்லை. சாதிக் பையிலிருந்து அன்று காலை சுட்ட ரொட்டியை எடுத்து நீட்டினார். கல்முர்சா முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் கடித்தார். மிச்சத்தைச் சாதிக்கிடமே கொடுத்தார்.

"நல்லதோ கெட்டதோ, வந்து முடிக்கணும்" என்றாள் அடினாய்.

குழாயைக் கம்பளி சாக்ஸில் சுற்றி, சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே உள்பையில் வைத்துக்கொண்டார். மார்ச் மாதக் குளிரில் பிறந்த குட்டிகளை அப்படித்தான் கொண்டுவருவார். அன்று ஹீட்டரை மிதமாகவே வைத்தார். பயணி ஏற்றவில்லை. சுரங்கத்துக்கு முன்னால் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபோதும் இறங்கவில்லை. பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியைத் தட்டி, "என்ன கல்முர்சா, தேநீர் குடிக்க வரல? கோட்டுக்குள்ள என்ன, தங்கமா?" என்று சீண்டினான். "போடா, கதவ மூடு. குளிர் வருது" என்றார் இவர்.

இந்த முறை சாலை கருணை காட்டியது. அன்று ராத்திரியே, காத்திருந்த புருலின் கையில் குழாயைக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து ஆய்வுக்கூட நடையில் மர பெஞ்சில் உட்கார்ந்தார். போகச் சொன்னாலும் போகவில்லை. பதினோரு மணிக்குப் புருல் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எஜே?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாது பைகே. முடிவு டாக்டருக்குத்தான் போகும். சட்டம். அப்புறம் எஜேன்னு கூப்பிடறத நிறுத்துங்க, எனக்கு நாப்பத்தேழுதான்."

"செல்லு உயிரோட இருந்துச்சா? அதையாவது சொல்லும்மா."

"இருந்துச்சு. துள்ளிக்கிட்டு இருந்துச்சு."

"ரெண்டு தடவ எண்ணினியா? உள்ள விடறப்போ ஒரு தடவ, வெளிய விடறப்போ ஒரு தடவ எண்ணணும்."

"மூணு தடவ எண்ணினேன்" என்றாள் புருல். உள்ளே போகாமல் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கல்முர்சாவின் தொடைமேல் கிடந்த செல்பேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது அடிக்கக் கால் மணி ஆனது.

சாதிக்கின் அழுகைதான் முதலில் கேட்டது. பிறகுதான் வார்த்தை வந்தது.

"பத்தாயிரத்துல நாலு பைகே. பத்தாயிரத்துல வெறும் நாலு. மருந்து கேக்குதாம். பெரிய மருந்து வேண்டாமாம்."

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அது எப்படியிருக்கும் என்று கல்முர்சாவுக்கு அன்றுதான் தெரிந்தது. புருலைப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்றாள் அவள், கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்துக்கொண்டே. துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் கல்முர்சா ஒருவழியாக.

"யார் தலைக்கு? குத்து வாங்கினது அந்தப் பிள்ள" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள் புருல்.

வெள்ளிக்கிழமை அவர் ஓஷ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மேலுதட்டில் மீசை இல்லை. குல்சுனே எடுத்துவிட்டாளாம். வார்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் சாதிக் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்தார். அந்தப் பக்கம் அடினாய் கதவோரம் தலையணை போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். சாதிக் துணியைப் பிரித்தார். நாலு நாள் ஆன ரொட்டி, செங்கல்லாக இறுகியிருந்தது. ஓரத்தில் கல்முர்சாவின் பல் பதிந்த இடம் அப்படியே இருந்தது.

கல்முர்சாவுக்குக் கடைவாயில் பல் பாதி கிடையாது. ரொட்டியைத் துண்டு துண்டாக உடைத்துத் தேநீரில் முக்கினார், ஊறக் காத்திருந்தார், தின்றார். மறுபடி முக்கினார். சாதிக் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். முக்கால் ரொட்டி ஆனபோது இவர் கொஞ்சம் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் நாலு துண்டு இருக்கு" என்றாள் அடினாய் உள்ளேயிருந்து.

"இருக்கட்டுமே கண்ணு. நாலுதானே?"

"நாலும் போகணும். எனக்கும்தான் டாக்டரம்மா அப்படிச் சொன்னாங்க. நாலும் போறவரைக்கும் மருந்தாம்."

கல்முர்சா அவளைப் பார்த்தார். பிறகு தேநீர்க் கிண்ணத்தை நீட்டி நிரப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாலையும் தின்றுவிட்டு, அவள் பார்க்கும்படி வெறும் கையை விரித்துக் காட்டினார்.